அந்தமானில் குடும்பத்தோடு கடலில் இறங்க: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அம்மா முதன்முதலாகக் கடலுக்கு அடியில் மூச்சு விட்டபோது அவருக்கு வயது 56. தாலிக்கொடியைக் கழற்ற முடியாது என்று கரையிலேயே உறுதியாகச் சொல்லிவிட்டார். பயிற்சியாளர் வற்புறுத்தவில்லை. கொடியை வெட்சூட்டின் (உடம்போடு ஒட்டும் டைவிங் உடை) கழுத்துக்குள் விட்டுக்கொள்ளச் சொல்லி, முதுகுப்பக்க ஜிப்பை மேலே இழுத்து மூடினார். அரை மணி நேரம் கழித்து இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்ற அம்மா, வாயிலிருந்த குழாயை எடுத்ததும் கேட்டது ஒன்றைத்தான்: "அந்த நீல மீனுக்கு என்ன பெயர்?"

அதே பயணத்தில் என் மாமா டைவிங் பக்கமே வரவில்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். படகில் உட்கார்ந்துகொள்கிறேன், அது போதும் என்றார். அவருக்கும் அது நல்ல பயணமாக அமைந்தது. எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். பத்துப் பேர் சேர்ந்து போகும் கடல் பயணத்தில் எல்லாரும் ஒரே ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை. கூட்டத்தில் யார் அதிகம் தயங்குகிறாரோ அவரை மனத்தில் வைத்துத் திட்டம் போட்டால் மற்றவர்களுக்கும் அது பொருந்திவிடும். துணிச்சல்காரரை வைத்துத் திட்டம் போட்டு, வாய்விட்டுச் சண்டை போட்டுக்கொண்டு திரும்பிய கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தமானை நான் பரிந்துரைப்பதற்குக் காரணங்கள் எளியவை. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரத்தைச் சுற்றி ஆகும். இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. கரையிலிருந்து நடந்தே இறங்கிவிடக்கூடிய ஆழமில்லாத பவளப்பாறைகளும் உண்டு, தேர்ந்தவர்கள் தேடிப்போகும் ஆழ்கடல் பாறைகளும் உண்டு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகச் சுற்றுவதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அங்கே நீங்கள் ஏறப்போவது பெரும்பாலும் எஞ்சின் படகுகளிலும் பயணிகள் கப்பல்களிலும்தான். பத்துப் பாகைக் கால்வாய்க்குத் தெற்கே உள்ள நிக்கோபார் தீவுகள் சாதாரணச் சுற்றுலாவுக்குத் திறந்தவை அல்ல என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

பெயர்களில் குழப்பம் வரும். போர்ட் பிளேர் 2024ல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஹேவ்லாக் தீவும் நீல் தீவும் 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றப்பட்டன. டிக்கெட்டில் புதிய பெயர் இருக்கும், படகோட்டி பழைய பெயரைச் சொல்லுவார். இந்தக் கட்டுரையில் மக்கள் வாயில் வழங்கும் பழைய பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

மாதம்தான் முதல் முடிவு

பள்ளி விடுமுறையைப் பார்த்துத் தேதி குறிப்பதுதான் நம் வழக்கம். கடல் அதற்கு ஒத்துவராது. மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காற்றும் மழையும் அலையும் சேர்ந்துகொள்ளும், தீவுகளுக்கு இடையிலான கப்பல்கள் சில நாள்கள் ஓடாது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். அதிலும் டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்று சில நாள்கள் கடலைக் கலக்கும். என்னைக் கேட்டால் பிப்ரவரியும் மார்ச்சும்தான். கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடக்கும், தண்ணீருக்குள் இருபது மீட்டர் தொலைவுவரை பார்வை போகும் நாள்கள் வரும். பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம் என்பது தெரியும். அப்படியானால் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலில் கிளம்பிவிடுங்கள், மே பத்துக்கு மேல் தள்ளாதீர்கள்.

கிளம்பும் முன் ஒரு மாலை உட்கார்ந்து பேச வேண்டியது

டைவிங் மையத்தில் ஒரு படிவம் தருவார்கள். ஆஸ்துமா உண்டா, வலிப்பு வந்ததுண்டா, இதயக் கோளாறு உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்ததா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விகள். ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" என்றால் மருத்துவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் நல்ல மையம் எதுவும் இறக்காது. அங்கே போய் நின்றுகொண்டு மருத்துவரைத் தேடுவது வீண் அலைச்சல். அந்தப் படிவத்தை முன்பே கேட்டு வாங்கி, வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து நிரப்புங்கள். தேவைப்படுகிறவர்கள் ஊரிலேயே தங்கள் மருத்துவரைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். கர்ப்பிணிகள் டைவிங் செய்யவே கூடாது.

பொய் சொல்லி நிரப்பாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். எங்களோடு வந்த கல்லூரி நண்பர் ஒருவர் சளி பிடித்திருந்ததை மறைத்துவிட்டார். அத்தனை பணம் செலவழித்து வந்துவிட்டுச் சும்மா உட்காருவதா என்ற எண்ணம். நான்கு மீட்டர்கூடப் போகவில்லை, காது அடைத்து, நெற்றியில் ஊசி குத்தினாற்போல் வலித்து மேலே வந்தார். முகக்கண்ணாடியைக் கழற்றியபோது உள்ளே இரத்தம். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அவருடைய பத்து வயது மகள் அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டாள். அதன்பிறகு அவள் தண்ணீரில் இறங்க ஒப்பவே இல்லை.

வயதைப் பொறுத்தவரை, உலக அளவில் பரவலாகப் பின்பற்றப்படும், PADI என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் முறையில் அறிமுக டைவிங்குக்குக் குறைந்தது 10 வயது ஆகியிருக்க வேண்டும். அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். உங்கள் பிள்ளைக்கு ஒன்பதரை வயது என்றால் ஒன்பதரைதான். பத்து என்று சொல்லி இறக்கிவிடலாம் என்று எவராவது சொன்னால் அந்த மையத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்நார்க்கெல் போதும். மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்து, குழாய் வழியே மூச்சு விட்டபடி பார்த்தாலே ஒன்றரை ஆள் ஆழத்தில் இருப்பதெல்லாம் தெரியும். மேல்மட்டத்தில் வெளிச்சம் அதிகம் என்பதால் நிறங்களும் அங்கேதான் பளிச்சென்று இருக்கும். ஆழம் போகப் போகச் சிவப்பு முதலில் மறையும். பத்து மீட்டரில் சிவப்பு மீன் பழுப்பாகத் தெரியும்.

அறிமுக டைவிங்குக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பயிற்சியாளர் பிடியை விடாமல் கூட்டிக்கொண்டு போவார். ஆனாலும் தண்ணீரில் முகத்தை வைத்தாலே பதறுகிறவருக்கு அது கொடுமையாகிவிடும். ஆகவே இரண்டு மாதம் முன்பிருந்தே வாரம் ஒருநாள் பக்கத்திலுள்ள நீச்சல் குளத்துக்குப் போங்கள். நீந்தக்கூட வேண்டாம். மலிவான ஸ்நார்க்கெல் ஒன்றை வாங்கி, நின்றபடியே முகத்தைத் தண்ணீரில் வைத்து, வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பழகினால் போதும். நமக்கெல்லாம் மூக்கால் மூச்சு விட்டே பழக்கம். அதை மாற்ற உடம்புக்கு நாலைந்து நாள் பிடிக்கும். அம்மா இந்தப் பயிற்சியை வீட்டில் பெரிய பிளாஸ்டிக் வாளியில் செய்தார். காலையில் பூஜை முடித்துவிட்டு, வாளிக்குள் முகத்தை வைத்து நூறு எண்ணுவார். ஹேவ்லாக்கில் அவர் அசராமல் இறங்கியதற்கு அந்த வாளிதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

நாள்களை அடுக்கும் முறை

குறைந்தது ஏழு இரவுகள் வேண்டும். ஐந்து நாள் தொகுப்புப் பயணங்கள் விற்கப்படுகின்றன. வயதானவர்களையும் பிள்ளைகளையும் அதில் இழுத்துக்கொண்டு ஓடினால் கப்பல் மேடையில் வரிசையில் நின்றதுதான் நினைவில் தங்கும்.

முதல் நாள் போர்ட் பிளேர். செல்லுலார் சிறையைப் பாருங்கள். மறுநாள் காலைக் கப்பலில் ஹேவ்லாக். தனியார் வேகக் கப்பல்கள் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் சேர்த்துவிடும், அரசுக் கப்பல் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், கட்டணம் பலமடங்கு குறைவு. அரசுக் கப்பலில் மேல்தளத்தில் நின்று கடல் பார்க்கலாம் என்பதால் என் விருப்பம் அதுதான். தனியார் கப்பலில் கண்ணாடிக்குள் குளிர்சாதன வசதியோடு உட்கார்ந்தே வர வேண்டும். அன்று முழுக்க எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாலையில் ராதாநகர் கடற்கரைக்குப் போய் உட்காருங்கள். அந்தமானும் இந்திய நேரத்தையே பின்பற்றுகிறது, ஆனால் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. அதனால் ஐந்தரை மணிவாக்கில் சூரியன் இறங்கிவிடும். ஆறரைக்குச் சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்று கிளம்பிப்போய் இருட்டில் நின்ற குடும்பங்கள் ஏராளம். காலை ஐந்தரைக்கே எழுந்து பழகுங்கள். நல்ல டைவிங் எல்லாம் காலையில்தான்.

மூன்றாம் நாள் எல்லாருக்கும் ஸ்நார்க்கெல். நான்காம் நாள் டைவிங். ஐந்தாம் நாள் விருப்பமுள்ளவர்களுக்கு இரண்டாவது முறை, மற்றவர்களுக்கு ஓய்வு. ஆறாம் நாள் நீல் தீவு. அது சின்னத் தீவு, சைக்கிளில் சுற்றிவிடலாம். ஏழாம் நாள் மறுபடி போர்ட் பிளேர், அங்கே ஓர் இரவு. எட்டாம் நாள் விமானம்.

கடைசி இரவைப் போர்ட் பிளேரில் கழிக்கச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். கடல் சீறினால் கப்பல் ரத்தாகும். அதே நாளில் விமானம் இருந்தால் டிக்கெட் போய்விடும். அதைவிட முக்கியமான காரணம் உடம்புக்குள் இருக்கிறது. ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் திசுக்களில் கரைந்து தங்குகிறது. அது மெதுவாக வெளியேற வேண்டும். அதற்குள் விமானத்தில் ஏறினால், அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், சோடா பாட்டிலைத் திறந்தாற்போல் உடம்புக்குள் குமிழிகள் உண்டாகலாம். ஒரே ஒரு முறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே பறக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரையறை. நான் முழுதாக ஒருநாள் விடுகிறேன். ஊரிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியதும் டைவிங் செய்வதில் இந்தச் சிக்கல் இல்லை, திரும்பும் வழியில்தான்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலிலேயே போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். போகலாம். மாதத்தில் சில முறை கப்பல் உண்டு, மூன்று நாள் அளவுக்கு ஆகும், படுக்கை வரிசையிலிருந்து தனி அறை வரை வகுப்புகள் உண்டு. நேரம் நிறைய இருக்கும் நண்பர்கள் கூட்டத்துக்கு நல்ல அனுபவம். குழந்தைகளோடு, விடுப்பை எண்ணிக்கொண்டு வருகிறவர்களுக்கு வேண்டாம்.

போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய. முருகன் கோயில் உண்டு, தமிழிலேயே பேசிக் காரியம் முடித்துக்கொள்ளலாம். ஹேவ்லாக்கில் அப்படியல்ல. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேற்றப்பட்ட குடும்பங்கள் வாழும் தீவு அது. வங்காளமும் இந்தியும்தான் பேச்சு. தமிழ் தெரிந்த பயிற்சியாளர் இருக்கிறாரா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். அம்மாவைப் போன்றவர்களுக்குத் தங்கள் மொழியில் ஒருவர் "பயப்பட வேண்டாம்மா" என்று சொல்வதற்கு ஈடே இல்லை.

வாந்தி

இதைப் பற்றி எவரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பாதிப் பயணங்கள் கெடுவது இதனால்தான். முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள், மதுவைத் தொடாதீர்கள். காலையில் வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது, பூரி மசாலாவோடும் ஏறக் கூடாது. இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள் படகு கிளம்பி ஆட்டம் கண்டபிறகு போட்டால் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். சில மாத்திரைகள் தூக்கம் தரும். அப்படித் தூக்கக் கலக்கம் இருப்பவர் டைவிங் செய்யக் கூடாது, ஆகவே எதைப் போடலாம் என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படகின் நடுவே, பின்பக்கமாக உட்காருங்கள். படகின் முன்முனையான அணியத்தில் ஆட்டம் அதிகம். எஞ்சின் புகை வரும் பக்கம் வேண்டாம். கைப்பேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். குமட்டிக்கொண்டு வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போய் எடுத்துவிடுங்கள். பல பேருக்குத் தண்ணீரில் இறங்கியதும் குமட்டல் குறைந்துவிடும்.

மையத்தில் கேட்க வேண்டியவை

விலையை மட்டும் கேட்டுவிட்டு முன்பதிவு செய்கிறவர்களே அதிகம். முதல் கேள்வி, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்பதாக இருக்கட்டும். முதல்முறை இறங்குகிறவர்களுக்கு ஒருவருக்கு ஒருவர் என்பதே ஹேவ்லாக்கில் நல்ல மையங்களின் வழக்கம்; வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். படகில் ஆக்ஸிஜன் சிலிண்டரும் முதலுதவிப் பெட்டியும் உண்டா, ஆபத்து நேர்ந்தால் எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். நல்ல மையம் தயங்காமல் பதில் சொல்லும். உடம்புக்குள் குமிழிகள் உண்டானால் தேவைப்படும் அழுத்த அறைச் சிகிச்சைக்குப் போர்ட் பிளேரில் உள்ள கடற்படை மருத்துவமனையைச் சொல்லும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும், பத்திரத்தின் சிறிய எழுத்துகளைப் படித்துவிடுங்கள்.

கருவிகளை நீங்களே சோதிக்கலாம். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரை வாயில் வைத்து இரண்டு மூச்சு இழுங்கள். காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ வரக் கூடாது. முகக்கண்ணாடியின் வாரை மாட்டாமல் வெறுமனே முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தபிறகும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் அளவு. மீசை வைத்திருப்பவர்களுக்கு அங்கேதான் தண்ணீர் ஒழுகும். மூக்குக்குக் கீழே, கண்ணாடியின் விளிம்பு படியும் இடத்தில் மட்டும் மெல்லிய கோடாகச் சிரைத்துக்கொண்டால் போதும், மீசையை இழக்க வேண்டாம். பெண்கள் நீண்ட கூந்தலைத் தளர்வாகப் பின்னி, கழுத்துக்குக் கீழே தொங்கும்படி விடுங்கள். உச்சிக்கொண்டை போட்டால் வார் உட்காராது. உடை பற்றிய கூச்சம் பல அம்மாக்களுக்கு உண்டு. வெட்சூட்டுக்கு உள்ளே முழுக்கை டீ-ஷர்ட்டும் லெகிங்ஸும் போட்டுக்கொள்ளலாம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

தண்ணீருக்குள்

கரையில் அரை மணி நேரம் சொல்லிக்கொடுப்பார்கள். அதில் இரண்டை உயிருக்கு இணையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் தாங்காது. மூச்சு போய் வந்துகொண்டே இருந்தால் இந்த ஆபத்து இல்லை. பயம் வந்தால் உடம்பு தானாக மூச்சைப் பிடிக்கும். அந்த நேரத்தில் வெளியே விடுவதில் கவனம் வையுங்கள், உள்ளே இழுப்பது தானாக நடக்கும். குமிழிகள் காதோரம் கடகடவென்று உருண்டு மேலே போகும் சத்தம்தான் நீங்கள் சரியாக இருப்பதற்கு அடையாளம்.

இரண்டாவது, காது. தண்ணீரின் அழுத்தம் செவிப்பறையை உள்நோக்கித் தள்ளும். முகக்கண்ணாடியின் மேலாகவே மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மூக்கு வழியே மெதுவாக ஊதினால் காதுக்குள் 'டப்' என்று ஒரு சின்ன ஓசை கேட்கும். மலைப்பாதையில் பஸ் ஏறும்போது எச்சில் விழுங்கினால் காது திறப்பது போலத்தான். வலி வருவதற்கு முன்பே செய்ய வேண்டும், அரை மீட்டருக்கு ஒருமுறை செய்ய வேண்டும், பலமாக ஊதக் கூடாது. காதுக்கு அதிக வேலை முதல் பத்து மீட்டரில்தான். திறக்கவில்லை என்றால் கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயலுங்கள். அப்போதும் திறக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

சைகைகளில் நம்மவர்கள் அத்தனை பேரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பரவசத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவோம். தண்ணீருக்குள் அதற்கு "மேலே போக வேண்டும்" என்று பொருள். என் தங்கை ஆமையைப் பார்த்த மகிழ்ச்சியில் விரலை உயர்த்த, பயிற்சியாளர் அவளை மேலே கொண்டுவந்துவிட்டார். நலமாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்ட வேண்டும். கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ சரியில்லை; ஆட்டிவிட்டுக் காதைச் சுட்டினால் காதில் சரியில்லை. கிளம்பும் முன் சாப்பாட்டு மேசையில் இதைப் பிள்ளைகளோடு விளையாட்டாகவே பழகிவிடலாம்.

முதல் ஐந்து நிமிடம் எதையும் பார்க்க முயலாதீர்கள். மூச்சு தாளத்துக்கு வரட்டும். பிறகு பார்ப்பதற்குப் பஞ்சமில்லை. ஹேவ்லாக்கில் முதல்முறை இறங்குகிறவர்களைப் பெரும்பாலும் நீமோ ரீஃப் என்ற இடத்துக்குக் கூட்டிப்போவார்கள். கரையிலிருந்தே நடந்து இறங்கலாம், ஆழம் குறைவு. கடல் சாமந்தியின் விரல்களுக்கு நடுவே கோமாளி மீன் குடும்பமாக இருக்கும். அருகே போனால் ஓடாமல் உங்களை நோக்கி விறுவிறுவென்று வந்து முறைக்கும், கட்டைவிரல் அளவு உடம்பில் அத்தனை வீரம். கிளிமீன் பாறையைக் கொறிக்கும் சத்தம் தெளிவாகக் காதில் விழும். அது கொறித்துக் கழிக்கும் பவளத் தூள்தான் இந்தத் தீவுகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு.

எதையும் தொடாதீர்கள், எதன் மேலும் நிற்காதீர்கள். நம் மன்னார் வளைகுடா மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் அதே பவளப்பாறைதான் இங்கும். திரண்ட பாறை போன்ற பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதே பெரிது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறியபோது அந்தமான் பவளங்களில் பெரும்பகுதி வெளுத்துப்போயின. பிழைத்தவையும் புதிதாக முளைத்தவையும்தான் இன்று நாம் பார்ப்பவை. ஒரு துடுப்புக்காலணி உதைத்தால் பத்தாண்டு வளர்ச்சி முறிந்துவிடும். சன்ஸ்கிரீன் களிம்பை அள்ளிப் பூசுவதற்குப் பதிலாக முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வதும் இதற்காகத்தான்.

படகிலும் கரையிலும் இருப்பவர்கள்

மாமாவின் கதைக்கு வருகிறேன். இரண்டாவது நாள் டைவிங்குக்குப் படகில் போனோம். டுங்கி என்று அங்கே சொல்லும் நாட்டுப் படகு, எஞ்சின் பொருத்தியது. நாங்கள் எல்லாரும் பின்புறமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்ததும் படகில் மாமாவும் படகோட்டியும் மட்டும். பொதுவான மொழி எதுவும் இல்லை. நாங்கள் கீழே இருந்த நாற்பது நிமிடத்தில் டால்பின் கூட்டம் ஒன்று படகைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. மேலே வந்த எங்களிடம் மாமா சொன்னார்: "நீங்கள் பார்க்கவில்லையே!" அந்த ஒரு வரியை இன்றுவரை எல்லாத் திருமணங்களிலும் சொல்லிவருகிறார்.

டால்பின் தினமும் வராது. ஆகவே படகில் இருக்கப்போகிறவருக்கும் ஏற்பாடு வேண்டும். நிழல் உள்ள படகாகக் கேளுங்கள், கூரை இல்லாத படகில் நங்கூரம் போட்டு ஒரு மணி நேரம் வெயிலில் உட்காருவது கொடுமை. தொப்பி, குடிநீர், உப்பு பிஸ்கட், முடிந்தால் ஒரு தொலைநோக்கி. அவருக்கும் மிதவைச் சட்டை கட்டாயம். பாட்டிகளும் கைக்குழந்தைகளும் இருந்தால் அவர்களைப் படகில் ஏற்றாமல் கரையிலிருந்தே இறங்கும் டைவிங்கைத் தேர்ந்தெடுங்கள். மணலில் உட்கார்ந்தபடி உங்கள் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீல் தீவில் கடல் வற்றும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போனால், நீர் விலகிய பாறைக் குட்டைகளிலேயே நட்சத்திர மீனையும் நண்டையும் கால் நனையப் பார்க்கலாம். பாறை வழுக்கும், கடல்முள்ளி குத்தும். ரப்பர் செருப்பு போதாது, பிடிப்புள்ள காலணி வேண்டும். நீல் தீவைச் சுற்றியுள்ள கடற்புல் வெளிகளில் ஆவுளியா மேய்வதுண்டு. பாக் விரிகுடாவில் நாம் காப்பகம் அமைத்துக் காக்கும் அதே கடற்பசுதான் அந்தமானின் மாநில விலங்கு. கண்ணில் படுவது அபூர்வம். பட்டால் துரத்தாதீர்கள்.

முதலை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010ல் ஹேவ்லாக்கில் ஸ்நார்க்கெல் செய்துகொண்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பயணி முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால் வைக்காதீர்கள். சதுப்புக்காட்டு ஓடைகள் கடலில் சேரும் இடங்களைத் தவிருங்கள். வலையிட்டுப் பிரித்த பகுதிக்குள் மட்டும் குளியுங்கள். இருட்டியபிறகு கடலில் இறங்காதீர்கள். உயிர்க்காப்பாளர் விசில் அடித்தால் வாக்குவாதம் செய்யாமல் வெளியே வாருங்கள்.

இன்னும் வேண்டும் என்கிறவர்களுக்கு

கூட்டத்தில் ஒருவருக்காவது பித்துப் பிடித்துவிடும். அவர் அடுத்தமுறை மூன்று, நான்கு நாள் ஒதுக்கி அடிப்படைச் சான்றிதழ்ப் படிப்பைப் படிக்கலாம். அதற்கு 200 மீட்டர் நீந்தத் தெரிய வேண்டும், பத்து நிமிடம் மிதக்கத் தெரிய வேண்டும்; முடித்தால் 18 மீட்டர் வரை இன்னொரு சான்றிதழ்காரரோடு சேர்ந்து போகலாம், அந்தச் சான்றிதழ் உலகெங்கும் செல்லும். பாடப் பகுதியையும் குளப் பயிற்சியையும் புதுச்சேரி போன்ற பக்கத்து ஊரில் முடித்துக்கொண்டு, கடல் பகுதியை மட்டும் அந்தமானில் செய்கிறவர்களும் உண்டு.

பெட்டி கட்டும்போது

ஈர உடைகள், மருந்துச் சீட்டுகள், எல்லாவற்றுக்கும் பிறகு பிள்ளைகளின் கால்சட்டைப் பைகளையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். பவளத் துண்டு, செத்துக் கரை ஒதுங்கியதாக இருந்தாலும், எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம். சிப்பிகளையும் சங்குகளையும் கரையிலிருந்து பொறுக்கி வருவதும் கூடாது. விமான நிலையச் சோதனையில் பையைப் பிரிப்பார்கள்.

தங்கை மகன் எட்டுச் சங்குகளைப் பல்துலக்கும் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தான். திட்டவில்லை. கப்பலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு விடுதிக்கு எதிரே இருந்த கடற்கரைக்குப் போனோம். ஈர மணலில் ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தான். ஆறாவது சங்கு, சற்றுப் பொறுத்து, கால்களை வெளியே நீட்டி, தண்ணீரை நோக்கி நடக்கத் தொடங்கியது.